மிஷின் நம்முடையது, சாவி யாருடையது?

நன்றாக ஓடும் தறியைக் காட்டி, "இனி இதற்குச் சாமான் கிடையாது, புதுத் தறி வாங்கு" என்று விற்ற கம்பெனி சொன்னால் தொழிலாளி சும்மா இருப்பானா? கம்ப்யூட்டர் விஷயத்தில் நடப்பது இதுதான்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. சில நிபந்தனைகளின் பேரில் ஓராண்டு அவகாசம் தந்தது, அவ்வளவே. திருத்தம் இல்லாத கம்ப்யூட்டர் தாழ்ப்பாள் இல்லாத வீடு. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புது ரகப் பிராஸஸரும் வேண்டுமாம்! மகள் படிக்கக் கடன்பட்டு லேப்டாப் வாங்கிய விவசாயத் தொழிலாளி மறுபடியும் எவனிடம் கைநீட்டுவான் என்று நாம் கேட்கிறோம்.

மாற்று வழி உண்டு. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் துவக்கிய லினக்ஸை, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கூடி வளர்த்திருக்கிறார்கள். காசு கொடுக்காமலே கிடைக்கும். பிரித்துப் பார்க்கவும் திருத்தவும் தடையில்லை. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக இதைக் கொண்டே பாடம் நடத்துகின்றன.

குறையையும் மறைக்க வேண்டாம். விண்டோஸுக்கென்றே செய்த சில கணக்குப் புரோகிராம்கள் இதில் ஓடா. ஆகவே முதலில் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியக்கூடும். பைல்களை முன்னதாகவே வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

விஷயம் தெரிந்த வாலிபத் தோழர்கள் சங்க ஆபீசிலிருந்து துவங்கட்டும், பிறகு வீடு வீடாகச் செல்லட்டும். மிஷின் நம் வியர்வையில் வாங்கியது. அதை எப்போது நிறுத்துவது என்பதை நாமே தீர்மானிப்போம்!