மீனுக்கு வலிக்குமா?

சிறு பிள்ளைகள் கேட்கும் இக்கேள்வியைப் பெரியோர் பலர் சிரித்து ஒதுக்கிவிடுவர். மீன் அலறுவதில்லை, முகஞ்சுளிப்பதுமில்லை. குரலற்ற உயிருக்கு வலியும் இல்லையென எண்ணிக்கொள்வது எளிதாயிருக்கிறது.

ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் லின் ஸ்னெடன் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் இதனைச் சோதித்து, 2003-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். குளிர்நீரில் வாழும் டிரவுட் மீனின் தலைப்பகுதியில், ஊறு விளைக்கும் வெப்பத்தையும் அமிலத்தையும் உணரும் நரம்பு முனைகளைக் கண்டனர். பின்னர், சில மீன்களின் உதட்டில் தேனீயின் நஞ்சையும், வேறு சிலவற்றுக்கு அசிட்டிக் அமிலத்தையும் செலுத்தினர். அவை தரையோடு கிடந்து இருபுறமும் ஆடின. அமிலம் ஏற்றவை உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. உப்புநீர் மட்டும் செலுத்தப்பட்டவை ஏறத்தாழ 80 நிமிடங்களில் இரையுண்ணத் தொடங்கின. இவையோ ஏறத்தாழ 3 மணி நேரம் இரையைத் தீண்டவில்லை. நோவு தணிக்கும் மார்பின் மருந்து தந்தபோது இத்துடிப்புக் குறைந்தது.

மறுப்போரும் உளர். மனித மூளையில் வலியுணர்வுக்கு இன்றியமையாத புறணி மீனுக்கு இல்லை என்பது அவர்கள் வாதம். ஆயின், நம்முடையதைப் போன்ற அடுக்குப் புறணி கோழிக்கும் இல்லை. கோழிக்கு வலிக்காதென்று யார் சொல்வார்?

மீனின் உள்ளுணர்வுக்குள் புகுந்து பார்க்க எவராலும் இயலாது. ஐயம் எஞ்சுமிடத்தில் எப்பக்கம் சாய்வது? அதற்கு வலியில்லையெனில், நாம் காட்டிய இரக்கத்தால் இழப்பேதுமில்லை. வலி உண்டெனில், நம் அலட்சியத்தின் விலையை அவ்வுயிரன்றோ செலுத்தும்!

மீனுண்பது பாவமென்று நாம் சொல்லவில்லை. உயிர்த்த ஆண்டவரே சீடர் அளித்த மீனை உண்டார். ஆயினும், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2418) கற்பிக்கிறது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், மனிதரல்லாத எவ்வுயிரையும் விலங்கென்றே கொள்கிறது.

சந்தையில் உயிருடன் விற்கப்படும் விராலை எண்ணிப் பார்ப்போம். காற்றைச் சுவாசிக்க வல்ல அம்மீன், நீரைவிட்டு எடுத்தபின்னும் நெடுநேரம் சாவதில்லை. சாம்பலிட்டுத் தேய்க்கும்போதும் செதிள் சீவும்போதும் அதற்கு உயிர் இருக்கக்கூடும். முதலில் தலையில் ஓங்கி ஓர் அடி. அது அசைவற்ற பின்னரே கத்தி. "முதலில் அதன் உயிரைப் போக்கிவிடுங்கள் அம்மா" என்று மீன்காரம்மாளிடம் சொல்ல ஒரு நொடி போதும். கையைப் பிடித்து நிற்கும் குழந்தையும் அதைக் கேட்கும். இரக்கத்தின் முதற்பாடத்தை அங்கேயே கற்றுக்கொள்ளும்.