பழைய வண்டிக்கு முரட்டு ரப்பிங்கா?

"அண்ணாச்சி, மூணு வருஷம் வெயில்ல கிடந்த வண்டி இது. சும்மா பாலிஷெல்லாம் கேக்காது. முரட்டு ரப்பிங் போட்டு ஒரு இழுப்பு இழுத்தாத்தான் வழிக்கு வரும்."

என் மைத்துனரின் கறுப்பு காரைப் பார்த்ததும் ஒரு பட்டறையில் கிடைத்த தீர்ப்பு இது. மைத்துனர் கப்பலில் வேலை பார்ப்பவர். தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் அவர் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் கார் நிற்கும். வாரம் ஒரு முறை யாராவது பனியன் வேஸ்டால் தூசியைத் துடைத்துவிடுவார்கள். அவ்வளவுதான் பராமரிப்பு. காலை வெயிலில் பானெட்டைப் பார்த்தால் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கீறல்.

பட்டறைக்காரர் சொன்னதைத்தான் ஊரே சொல்கிறது. பெயிண்ட் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு முரடான காம்பவுண்ட் வேண்டுமாம். கேட்பதற்கு நியாயமாகப் படும். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள் பல தவறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றால் நல்ல வண்டிகள் வீணாகின்றன.

முதல் தவறு, கண்ணில் படுகிற அசிங்கம் எல்லாம் கீறல் என்று எடுத்துக்கொள்வது. காரை நன்றாகக் கழுவிவிட்டு, கையில் மெல்லிய பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாதது பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். மைத்துனரின் கார் உப்புத்தாளைத் தொட்டது போலச் சொரசொரத்தது. அது கீறல் அல்ல. பெயிண்டின் மேல் ஒட்டிக் கிடக்கும் சாம்பல், இரும்புத் துகள், மரத்தின் பிசின், போர் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன சுண்ணாம்புப் புள்ளி. அனல்மின் நிலையம், துறைமுகத்து நிலக்கரி, ஓயாத கண்டெய்னர் லாரிகள் என்று சூழ்ந்திருக்கும் ஊரில் வேறெப்படி இருக்கும்? சுண்ணாம்புப் புள்ளிக்குத் தண்ணீர் கலந்த வினிகர் போதும். ஒட்டியதை எடுக்க க்ளே பார் என்ற களிமண் கட்டி இருக்கிறது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து அழுத்தாமல் இழுத்தால் எல்லாம் அந்தக் களிமண்ணில் ஏறிவிடும். இதைச் செய்யாமல் பாலிஷ் மெஷினை வைத்தால், ஒட்டியிருந்த துகளே பேடுக்கு அடியில் சிக்கிச் சுழன்று புதுக் கீறல் போடும்.

எங்கள் காரில் க்ளே போட்டு முடித்தபோது ஒரு கீறலும் போயிருக்கவில்லை. ஆனாலும் பெயிண்டின் கறுப்பு பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. மங்கல் எது, கீறல் எது என்று அதற்குப் பிறகுதான் பிரித்துப் பார்க்க முடிந்தது.

அடுத்தது நம் ஊருக்கே உரிய வாதம். "உப்புக் காத்துதான் பெயிண்டைக் கீறுது." உப்பளத்துக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்கு உப்பின் மேல் சந்தேகம் வருவது இயல்பு. உப்புக்கு வேறு குற்றம் உண்டு. கதவின் அடிவிளிம்பில், கல் தெறித்த புள்ளியில் தகரத்தைத் துருப்பிடிக்க வைப்பது அதுதான். கீறலுக்கு அது பொறுப்பல்ல. உப்புப் பரல் நல்ல தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். கரையாதது மணல். மணலில் இருப்பது குவார்ட்ஸ். கடினத்தன்மைக்கான மோஸ் அளவில் அது 7, உப்பு இரண்டரைக்கு மேல் போகாது. அனல்மின் சாம்பலிலும் குவார்ட்ஸ் உண்டு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இவை மாவு போலக் காரின் மேல் படியும். அதைத் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த துணியால் துடைக்கிற கைதான் கீறுகிறது.

வட்டமாகத் துடைத்ததால்தான் வட்டக் கீறல் என்பார்கள். அதுவும் சரியல்ல. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. சூரியனின் பிம்பம் பெயிண்டில் விழும் இடத்தைச் சுற்றி வளைவாக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுவதால் வட்டமாகத் தோன்றுகிறது. தலையை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும்.

இனி, முரட்டு காம்பவுண்ட் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்ற பேச்சு. இதைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன். காரின் நிறத்துக்கு மேல் இருக்கும் கண்ணாடி போன்ற படலம், கிளியர் கோட், பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் கனம்தான். நம் தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். ஒரு முடியைவிட மெல்லிய இந்தப் படலம்தான் வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காக்கிறது. துடைப்பதால் வரும் கீறல்களோ பெரும்பாலும் ஓரிரு மைக்ரான் ஆழமே இருக்கும். கீறலைப் "போக்குவது" என்றால் அந்தப் பள்ளத்தின் அடிவரை சுற்றியுள்ள மேட்டைச் சீவுவது. ஓரிரு மைக்ரான் சீவினால் போதும் என்கிற இடத்தில் கம்பளிப் பேடும் முரட்டு காம்பவுண்டும் அதைப்போலப் பல மடங்கு சீவிவிடும். சீவியதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. பானெட்டின் விளிம்பிலும் கதவின் மடிப்புக் கோட்டிலும் படலம் இன்னும் மெலிது. அங்கே ரோட்டரி மெஷின் ஒரு நொடி நின்றால் அடி நிறம் தெரிந்துவிடும். பிறகு முழுப் பேனலுக்கும் பெயிண்ட் அடிப்பதுதான் வழி.

நேரமாவது மிச்சமா? அதுவும் இல்லை. முரட்டுப் பேடு தானே ஒரு மங்கலையும் சுழல் தடத்தையும் விட்டுப்போகும். அதைப் போக்க நடுத்தரம், அதன் தடத்தைப் போக்க மென்மை என்று மூன்று சுற்று. மென்மையில் தொடங்கினால் பல சமயம் ஒரே சுற்றில் முடியும்.

எத்தனையோ வருடம் கவனிக்காத வண்டி என்பதால் படலம் கனத்துவிடப் போவதில்லை. முன்பே யாராவது இரண்டு மூன்று முறை ரப்பிங் போட்டிருந்தால் இன்னும் மெலிந்திருக்கும். ஆகவே பழைய வண்டியில்தான் கை இன்னும் அடங்க வேண்டும். கனமானி வைத்துப் பார்க்கலாம். ஆனால் சாதாரணக் கனமானி தகரத்துக்கு மேல் உள்ள மொத்தக் கனத்தைத்தான் சொல்லும், கிளியர் கோட்டைத் தனியாகச் சொல்லாது. சில பழைய வண்டிகளில் கிளியர் கோட்டே கிடையாது. தேய்க்கும்போது துணியில் காரின் நிறமே ஏறினால் அதுதான் அடையாளம்.

காம்பவுண்ட் டப்பாவின் மேல் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்குவதும் ஏமாற்றமே. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த நாள்களில், கடைசியாக அது 1961-இல் நடந்தது, முத்தைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகள் பத்து இருந்தன. 20 துளை கொண்டதில் தொடங்கி 1000 துளை வரை. எந்தச் சல்லடையில் தங்கியது என்று சொன்னால் கரையில் இருந்த வியாபாரிகள் எல்லோருக்கும் அளவு விளங்கும். காம்பவுண்டுக்கு அப்படிப் பொதுச் சல்லடை இல்லை. மெகுவையர்ஸ் கம்பெனியின் 105 முரடு, 205 மென்மை. மென்சர்னாவின் 400 அந்த 205-ஐவிட மிக முரடு, 3800 மென்மை. ஒரு கம்பெனியின் எண் இன்னொன்றில் செல்லாது. அதற்கும் மேலே, ஒரே காம்பவுண்ட் கம்பளியில் ஒரு குணம், ஸ்பாஞ்சில் வேறு குணம். சில காம்பவுண்டுகளின் துகள், தேய்க்கத் தேய்க்க உடைந்து நைஸாகும். அது உடையும் முன் நிறுத்தினால் மங்கல்தான் மிஞ்சும், பழி காம்பவுண்டின் மேல் விழும். வெயிலில் கொதிக்கும் தகரத்தில் போட்டால் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். விடிகாலையில் நிழலில் செய்யுங்கள்.

பற்பசை, மண்ணெண்ணெய் வைத்தியத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பற்பசையிலும் தேய்க்கும் துகள் உண்டு, ஆனால் பல்லுக்கு அளந்தது. மண்ணெண்ணெய் கீறலை நனைத்து மறைக்கும், ஆவியானதும் பழையபடிதான்.

"கடையிலிருந்து வரும்போது கண்ணாடி மாதிரி இருந்ததே" என்பவர்களுக்கும் இதே பதில். பல பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பியும் கலந்திருக்கும். அவை பள்ளத்தை மூடி மினுக்கும். நாலு முறை கழுவினால் கீறல் எழுந்து வரும். பணம் கொடுக்கும் முன் ஒரு சின்ன இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லி வெயிலில் பாருங்கள். அப்போதும் கீறல் தெரியாவிட்டால்தான் வேலை நடந்திருக்கிறது.

முரட்டு காம்பவுண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில கார்களின் கிளியர் கோட் கல் போல இருக்கும். மென்மை அதில் ஏறாது. அதை யூகிக்க வேண்டாம், சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். மைத்துனரின் பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரித்தோம். மென்மையான ஸ்பாஞ்ச் பேடில் மென்மையான பாலிஷ், மொச்சைக்கொட்டை அளவில் நாலு பொட்டு. ரோட்டரி வேண்டாமென்று டூயல் ஆக்‌ஷன் மெஷினை எடுத்து, குறுக்கும் நெடுக்கும் மெதுவாக ஓட்டினோம். துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் கீறல் பாதிதான் குறைந்திருந்தது. பாலிஷை மாற்றவில்லை, பேடை மட்டும் ஒரு படி கடினமாக மாற்றினோம். மறு சுற்றில் டேப்பை உரித்தபோது சதுரத்துக்குள் என் முகம் தெரிந்தது. டேப்புக்கு வெளியே சிலந்தி வலை அப்படியே நின்றது. முரட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஓட்டுநர் கதவில் சாவி இழுத்த கோடு ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது. நகத்தை வைத்தால் மாட்டுகிறது. அதைத் தொட வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லிவிட்டேன். பனியன் வேஸ்டை எடுத்து எறிந்துவிட்டு, இரண்டு வாளியும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் திண்ணையில் வைத்திருக்கிறார்.