டிரம்மைச் சூடாக்க நேற்றே யோசிக்க வேண்டும்

ஓசூரில் மார்கழி ராத்திரி குளிர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். காலை ஷிப்டில் லிக்விட் குளுக்கோஸ் டிரம்மின் மூடியைத் திறந்து சாய்த்தால் சிரப் அசையாது. பம்ப் முனகும், அவ்வளவுதான். கோடை விற்பனைக்குச் சரக்கு சேர்க்கத் தொடங்குவதும் அந்த நாட்களில்தான். குளிர்பான ஆலைகளில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலை அவசரத்தில் நடக்கும் கூத்துகளைப் பற்றி யாராவது பேசியாக வேண்டும்.

முதல் கூத்து, பாய்லர் ஸ்டீம் ஹோஸை நேராக டிரம்முக்குள் சொருகுவது. சிரப் இளகும், சந்தேகமில்லை. ஆனால் ஸ்டீம் தண்ணீராகி அதிலேயே கலந்துவிடும். பிரிக்ஸ், அதாவது சர்க்கரைச் செறிவு, இறங்கும், நீர்த்துப்போன மேல்பரப்பில் ஈஸ்ட் பிடிக்கும். பாய்லரில் உப்புப் படியாமலிருக்க ஊற்றும் ரசாயனமும் ஆவியோடு சேர்ந்து வரலாம். அதைத்தான் குழந்தைகள் குடிக்கப் போகிறார்கள்.

அடுத்தது இமர்ஷன் ராடு. குளுக்கோஸ் தண்ணீரைப் போல உள்ளே சுழன்று சூட்டைப் பரப்பாது. ராடைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குக் கருகிக் கசக்கும். நடுப்பகுதி அப்படியே உறைந்து நிற்கும். ஓர் ஆலையில் பிளாஸ்டிக் ஐபிசி டேங்குக்குள்ளேயே ராடை இறக்கினார்கள். வெளியே இரும்புக் கூண்டு இருப்பதால் உள்ளே இருப்பதும் இரும்பு என்று நினைத்தார்களோ என்னவோ. சுவர் இளகி உப்பியது. மூடியைத் தளர்த்தாமல் சூடேற்றுவதும் வழக்கம். அது வேறு ஆபத்து.

இத்தனைக்கும் தேவைப்படும் சூடு கொஞ்சம்தான். 1000 லிட்டர் ஐபிசியில் குளுக்கோஸ் ஏறக்குறைய 1400 கிலோ இருக்கும். அதை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர, வீணாவது நீங்கலாக, 20 யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் போதும். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் செலவு இருநூற்றுச் சொச்சம். ஆனால் நேரம் வேண்டும். இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஜாக்கெட்டைச் சுற்றினால் கணக்குப்படியே பதினோரு மணி நேரம். நடைமுறையில் இன்னும் கூடும். முந்தின நாள் பகலிலேயே ஸ்விட்சைப் போட்டிருக்க வேண்டும்.

முதலாளிகளிடம் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். நிமிடத்துக்கு இத்தனை பாட்டில் நிரப்பும் மெஷினைக் கோடிக்கு வாங்குகிறார்கள். டிரம் வைக்க ஒரு வெப்ப அறை கட்டச் சொன்னால் இடமில்லை என்கிறார்கள். நாலு சுவருக்கும் கூரைக்கும் தெர்மாகோல், ஒரு ஹீட்டர், காற்றைச் சுழற்ற ஒரு ஃபேன், 45 டிகிரியைத் தாண்டாதபடி தெர்மோஸ்டாட். இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. தனித்தனியாகக் கட்ட வசதியில்லாத சின்ன யூனிட்டுகளுக்கு சிட்கோ எஸ்டேட்டுக்குள்ளேயே பொதுவாக ஒன்று கட்டிக்கொடுக்கலாம். வாடகை தர நானறிந்தவர்களே தயாராக இருக்கிறார்கள்.

இன்னொன்று. 40 டிகிரிக்காக 150 டிகிரி ஸ்டீமை உற்பத்தி செய்வது, கொசு அடிக்கக் கோடரி எடுக்கிற கதை. மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் போட்டால் 60 டிகிரி வெந்நீர் சும்மா கிடைக்கும். அதை டிரம்மைச் சுற்றிய ஜாக்கெட்டுக்குள் ஓடவிட்டால் விறகும் மிச்சம், சிரப்பும் கருகாது. தேன் கலந்த பானம் தயாரிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தேனை அதிகம் சூடாக்கினால் எச்.எம்.எஃப். என்ற பொருள் ஏறும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 80 மில்லிகிராம். லேபில் தேன் தோற்றுவிட்டால் பழி தேன் வியாபாரிமேல் விழும். டிரம்மை நெருப்பில் வைத்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பாஸ்டரைசருக்கு வெப்பநிலைப் பதிவு உண்டு. பாய்லருக்கு ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. டிரம் சூடேற்றத்துக்கு லாக் புக் வைத்த ஆலை ஒன்றைக்கூட என் சர்வீஸில் பார்த்ததில்லை. எத்தனை மணிக்கு வைத்தார்கள், எத்தனை டிகிரி, எப்போது எடுத்தார்கள் என்று மூன்று கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் அந்த நோட்டைக் கேட்கட்டும். வெப்ப அறைக்கு இடம் தானாகக் கிடைக்கும்.