டீக்கின்ஸுக்கு இம்முறையாவது கிடைக்குமா?

தொண்ணூறாவது ஆஸ்கர் விருது விழா மார்ச் 4-ஆம் தேதி இரவு லாஸ் ஏஞ்சலீஸில் நடைபெறுகிறது. நமக்கு அது திங்கள்கிழமை காலை. வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. நடிப்புக்கான விருதுகள் யாருக்கு என்பது ஏறத்தாழ முடிவானதுபோலவே பேசப்படுகிறது. எனக்கு அவற்றைவிடச் சுவையாகத் தோன்றுவது சிறந்த ஒளிப்பதிவுக்கான போட்டி.

களத்தில் ஐவர் இருக்கிறார்கள். 'பிளேட் ரன்னர் 2049' படத்துக்காக ரோஜர் டீக்கின்ஸ், 'டன்கிர்க்' படத்துக்காக ஹோய்டே வான் ஹோய்டெமா, 'டார்க்கஸ்ட் ஹவர்' படத்துக்காக புரூனோ டெல்போனெல், 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' படத்துக்காக டான் லாஸ்ட்சன், 'மட்பவுண்ட்' படத்துக்காக ரேச்சல் மாரிசன். டீக்கின்ஸுக்கு இது பதினான்காவது பரிந்துரை. முந்தைய பதின்மூன்றிலும் அவர் வெறுங்கையுடன் திரும்பினார். 2008-இல் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்' உள்ளிட்ட இரு படங்களுக்காக ஒரே ஆண்டில் பரிந்துரை பெற்றும், விருது ராபர்ட் எல்ஸ்விட்டின் 'தேர் வில் பி பிளட்' படத்துக்குப் போனது.

அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கமும் பிரிட்டனின் பாஃப்டாவும் பிப்ரவரியில் அடுத்தடுத்த நாள்களில் டீக்கின்ஸையே தேர்ந்தெடுத்துள்ளன. அப்படியானால் ஆஸ்கரும் அவருக்குத்தானே என்று கேட்கலாம். அவ்வளவு எளிதன்று. அதே சங்கம் 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்', 'தி மேன் ஹூ வாஸன்ட் தேர்', 'ஸ்கைஃபால்' ஆகிய படங்களுக்காக ஏற்கெனவே மூன்று முறை அவருக்கு விருதளித்தது. மூன்று முறையும் ஆஸ்கர் வேறொருவருக்கே போனது. கடந்த பத்து ஆண்டுகளில் சங்கத்தின் தேர்வும் ஆஸ்கரும் ஒத்துப்போனது ஆறு முறைதான்.

இந்த முரணுக்குக் காரணம் வாக்களிக்கும் முறையில் இருக்கிறது. பரிந்துரைப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் அகாதெமியின் ஒளிப்பதிவாளர் பிரிவினர். வெற்றியாளரைத் தீர்மானிப்பவர்களோ எல்லாப் பிரிவினரும். நடிகர், இசையமைப்பாளர், ஒப்பனைக் கலைஞர், தயாரிப்பாளர் என ஆயிரக்கணக்கானோர் வாக்களிக்கும்போது, ஒளியமைப்பின் நுட்பத்தைவிடக் காட்சியின் பிரம்மாண்டமே முதலில் கண்ணில் படும். 'அவதார்', 'இன்செப்ஷன்', 'ஹியூகோ', 'லைஃப் ஆஃப் பை', 'கிராவிட்டி' ஆகிய படங்கள் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ஒளிப்பதிவு விருதையும் காட்சி விளைவுகளுக்கான விருதையும் சேர்த்தே வென்றது தற்செயலாக இருக்க முடியாது. புதுச்சேரியிலும் மூணாறிலும் சில காட்சிகள் எடுக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை' படம்தான் 'ஸ்கைஃபால்' ஆண்டில் டீக்கின்ஸை வீழ்த்தியது என்பது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

இதைவிடக் கடுமையான தடை ஒன்று உண்டு. 'தேர் வில் பி பிளட்' முதல் சென்ற ஆண்டின் 'லா லா லேண்ட்' வரை, ஒளிப்பதிவு விருதை வென்ற பத்துப் படங்களும் சிறந்த படத்துக்கான பட்டியலிலும் இருந்தவை. 'பிளேட் ரன்னர் 2049' அப்பட்டியலில் இல்லை. 'டன்கிர்க்', 'டார்க்கஸ்ட் ஹவர்', 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' மூன்றும் இருக்கின்றன. பதின்மூன்று பரிந்துரைகளுடன் நிற்கும் 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' மீதான பற்று ஒளிப்பதிவு வரைக்கும் வழிந்தோடலாம். ஐமேக்ஸ் உள்ளிட்ட பெரிய அளவுப் படச்சுருளில் கடலையும் வானையும் பதிவு செய்த 'டன்கிர்க்' உண்மையான போட்டியாளர்.

இருந்தும் டீக்கின்ஸே வெல்வார் என்பது என் கணிப்பு. இம்முறை பிரம்மாண்டம் அவர் பக்கம் இருக்கிறது. காட்சி விளைவுகளுக்கான பரிந்துரையும் அப்படத்துக்கு உண்டு. முன்பு அவரைத் தோற்கடித்த அதே ரசனை இப்போது அவருக்குத் துணைநிற்கும். கூடவே, 'இவருக்கு இன்னும் கொடுக்கவில்லையே' என்ற உறுத்தலும் சேர்ந்துகொள்ளும்.

அந்த உறுத்தலுக்காக அவர் வெல்வதை நான் விரும்பவில்லை. அப்படத்தின் ஒளியே போதுமான நியாயம். லாஸ் வேகாஸ் காட்சிகளில் செம்மஞ்சள் புழுதி பார்வையை மறைக்கிறது; அந்த மறைப்பே அழிந்த நகரத்தின் கதையைச் சொல்லிவிடுகிறது. வாலஸின் அறைகளில் சுவர் முழுவதும் அசையும் நீரொளி, கணினியில் பிற்பாடு சேர்க்கப்பட்டதன்று. படப்பிடிப்புத் தளத்திலேயே விளக்குகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. பார்க்க முடியாத மனிதன் ஒருவன் வாழும் இடத்தில் ஒளி ஓயாமல் நகர்கிறது. அழகு கதைக்கு வேலைசெய்யும் இடம் இது.

பழைய கடனைத் தீர்ப்பதற்காக விருதளிப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடன் சேர வேண்டுமென்றால் முதலில் கணக்கு தொடங்கப்பட்டிருக்க வேண்டும். 1929-இல் நடந்த முதல் விழாவிலிருந்தே வழங்கப்படும் இந்த விருதுக்கு, ஒரு பெண் பரிந்துரைக்கப்படுவது இதுவே முதல் முறை. அவர் ரேச்சல் மாரிசன். பதினான்கு பரிந்துரைகள் பெற, பதினான்கு பெரிய படங்களாவது கையில் கிடைத்திருக்க வேண்டும். பெரிய செலவில் எடுக்கப்படும் படங்களின் ஒளிப்பதிவைப் பெண்களிடம் ஒப்படைக்கத் தயாரிப்பாளர்கள் தயங்கிவந்ததால், பெண்களில் எவரும் தோற்றவர்கள் பட்டியலில்கூட இடம்பெற முடியவில்லை. அகாதெமி இரங்குவதற்கு அங்கே ஒரு பெயர்கூட இல்லை.

மிசிசிப்பியின் சேற்றையும் மங்கலான விளக்கொளியையும் கொண்டு நாற்பதுகளின் இன ஒடுக்குமுறையைக் காட்டிய 'மட்பவுண்ட்' வெல்ல வாய்ப்பு குறைவு. ஆனால் மாரிசனின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போவது திங்கள்கிழமை பிரிக்கப்படும் உறை அன்று. அவர் ஒளிப்பதிவு செய்த 'பிளாக் பேந்தர்' இப்போது உலகெங்கும் அரங்குகளை நிறைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எத்தனை தயாரிப்பாளர்கள் வேறு பெண்களையும் அழைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. டீக்கின்ஸ் வென்றால் நான் மகிழ்வேன். ஆனால் இந்த ஆண்டின் பட்டியலில் வரலாறு படைத்த பெயர் அவருடையதன்று.