பாவத்தின் அடையாளம் யாருக்கு?

நம் சாலவாக்கத்துப் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பற்றி வம்பு கிளம்பிவிட்டால், கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்ற வேண்டும் என்று திண்ணையில் சாய்ந்தபடியே தீர்ப்புச் சொல்லும் பெரிய மனிதர்கள் உண்டு. கூட இருந்த ஆணுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டார்கள்.

இந்தப் புத்தி நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமெரிக்காவில் ஹாதார்ன் என்பவர் 1850-ல் 'சிவப்பு எழுத்து' என்று பொருள்படும் ஒரு நாவல் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில், பாஸ்டன் ஊரில், பியூரிட்டன் என்னும் கடுங் கிறிஸ்தவர்களிடையே நடக்கும் கதை. கணவன் அருகில் இல்லாத காலத்தில் பிள்ளை பெற்ற ஹெஸ்டர் என்பவளை, மார்பில் சிவப்புத் துணி எழுத்தோடும், கையில் குழந்தையோடும் மேடையேற்றி நிறுத்தினார்கள். தகப்பன் யார்? அவ்வூர்ப் பாதிரியேதான்! அவரே அவளைப் பார்த்து, கூடிக் குற்றம் செய்தவன் பெயரைச் சொல் என்று ஊரார் முன் உபதேசமும் செய்கிறார். அவள் சொல்லவில்லை. ஆகவே ஏழு வருஷ காலம் அவர் மகான், அவள் பாவி!

வெகுதூரம் போவானேன்? உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரைப் பாருங்கள். 919, 921-ம் வருஷங்களில், முதற் பராந்தகன் காலத்தில், வெட்டிய குடவோலைச் சாசனங்கள். மகாபாதகம் செய்தவனும், கழுதை ஏறியவனும், பிராயச்சித்தம் செய்து சுத்தமானவனும் சாகும்வரை வாரியத்துக்கு ஆகாதாம். சுத்தமாகிவிட்டால் தடை எதற்கு? தடை நீங்காதென்றால் பிராயச்சித்தம் எதைக் கழுவிற்று? அதே கல், கணக்குக் காட்டாதவனையும் விலக்குகிறது. அது நியாயம். ஏனென்றால் அதில் ஊர்ப்பணம் போயிற்று. குற்றமென்றால் நஷ்டப்பட்டவன் ஒருவன் இருப்பான். பாவமென்பதற்கு அப்படி யாரும் வேண்டியதில்லை, அதைச் சொல்ல ஒரு சாஸ்திரியோ பாதிரியோ இருந்தால் போதும்.

1905-ல் கொச்சி இராஜ்யத்தில் குறியேடத்துத் தாத்ரி என்ற நம்பூதிரிப் பெண்ணை ஸ்மார்த்த விசாரணைக்கு உட்படுத்தினார்கள். அவ்விசாரணையில் பெண்ணைப் பெண் என்றுகூடச் சொன்னதில்லை. 'சாதனம்', அதாவது சாமான் என்றார்கள். ஆனால் ஹெஸ்டர் மறைத்ததைத் தாத்ரி மறைக்கவில்லை. 64 ஆண்களின் பெயரைச் சொன்னாள். அவளோடு அவர்களும் சாதியை விட்டுத் தள்ளப்பட்டார்கள். ஒருத்தி வாய் திறந்ததும், அத்தனை நாள் மறைந்திருந்தவர்களின் யோக்கியதை சந்திக்கு வந்துவிட்டது!

தோழர்களே! நாளை உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு பெண்ணை நிறுத்தினால் இரண்டே கேள்வி கேளுங்கள். இதில் நஷ்டப்பட்டவர் யார்? ஆண் எங்கே? பதில் வராவிட்டால் அது நியாய சபையல்ல, திண்ணை வம்பேயாகும். அங்கே உட்காராமல் எழுந்து வருவதுதான் மானமுள்ளவன் காரியம்.