இந்தச் செய்தி யார் அனுப்பிய சரக்கு?

சங்க இதழில் அமெரிக்கா, ஈராக் சமாச்சாரம் எதற்கு என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கலாம். மளிகைக் கடைக்காரனுக்கும் வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்கும் சம்பந்தம் உண்டு. அதற்கு நஷ்டப்பட்ட சாட்சி நானே. அதைப் பிறகு சொல்கிறேன்.

1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் உசேனின் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. அது அநியாயம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. அங்கே பிழைக்கப் போயிருந்த நம் மக்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏர் இந்தியா விமானங்கள் அழைத்து வந்தன. ஜூலையில் பீப்பாய் 20 டாலரைச் சுற்றி இருந்த கச்சா எண்ணெய், அக்டோபரில் 40 டாலரைத் தாண்டியது. இங்கே பெட்ரோல், டீசல் விலை ஏறியது. லாரி வாடகை ஏறியது. வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்கியது நாம்தான்.

அந்த அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் கூடிய மனித உரிமைக் குழுவின் முன் 15 வயதுக் குவைத் பெண் ஒருத்தி கண்ணீர் மல்கப் பேசினாள். மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளை வைத்திருந்த பெட்டிகளை ஈராக் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டு, குழந்தைகளைக் குளிர்ந்த தரையில் சாகப் போட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். தொலைக்காட்சிகள் அதை ஊரெல்லாம் காட்டின. ஜனாதிபதி புஷ் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். போருக்கு அனுமதி கேட்ட தீர்மானம் 1991 ஜனவரி 12 அன்று செனட் சபையில் 52க்கு 47 என்று தேறியது. மூன்று பேர் மாற்றிப் போட்டிருந்தால் தோற்றிருக்கும். விவாதத்தில் அந்தக் குழந்தைகளின் கதையைச் சொல்லிப் பேசிய செனட்டர்களும் உண்டு.

ஒரு வருடம் கழித்து, 1992 ஜனவரியில், மூட்டை அவிழ்ந்தது. அந்தப் பெண் அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள்! அவளை மேடையேற்றியது ஹில் அண்ட் நோல்டன் என்ற விளம்பர நிறுவனம். கூலி ஒரு கோடி டாலருக்கும் மேல். கொடுத்தது பெயருக்கு ஒரு குடிமக்கள் அமைப்பு. பணம் ஏறக்குறைய முழுவதும் குவைத் அரசினுடையது. போருக்குப் பின் நேரில் போய் விசாரித்தவர்களுக்கு அந்தக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அந்த ஒரு கதையால்தான் போர் வந்தது என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் இருக்கும் இடத்தில் வல்லரசுகளுக்குக் காரணமா கிடைக்காது? ஆனால் தயங்கி நின்ற மக்கள் மனதை அசைக்க அது உதவியது. நாம் மிளகாய் மூட்டை வாங்கினால் அடியில் கைவிட்டுப் பார்க்கிறோம். எந்த ஊர்ச் சரக்கு, எந்த மண்டி, ஏன் மலிவாகத் தருகிறான் என்று கேட்கிறோம். இத்தனை பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அன்று கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: இந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளை?

2003-லும் இதே கதைதான். ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பவல் பிப்ரவரி 5 அன்று ஐ.நா. சபையில் படம் போட்டுக் காட்டினார். போர் நடந்தது, ஆயுதம் அகப்படவில்லை. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், தான் சரியாக விசாரிக்காமல் செய்தி போட்டதாக 2004 மே மாதம் ஒப்புக்கொண்டது. அதற்குள் பாக்தாத் விழுந்து ஓராண்டு கடந்திருந்தது.

இத்தனைக்கும் செய்தி நிறுவனங்கள் வளர்ந்ததில் நம் இனத்தாருக்குப் பெரும் பங்கு உண்டு. ராய்ட்டர் 1850-ல் ஆக்கன் நகருக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையே புறா பறக்கவிட்டது பங்குச்சந்தை விலை சொல்லத்தான். அன்று விலைச் செய்தி பொய்யானால் மறுநாள் சந்தா நின்றுபோகும். இன்று யார் சந்தாவை நிறுத்துவது? கைப்பேசியில் இலவசமாக வந்து விழுகிறது.

இனி என் கதை. 1991 ஜனவரி இரண்டாம் வாரம். போர் மூண்டால் எண்ணெய்க் கிணறுகள் எரியும், விலை எங்கேயோ போகும் என்று நிபுணர்கள் சொன்னதாக வானொலியும் பத்திரிகையும் ஒரே பாட்டு. மண்ணெண்ணெய் கிடைக்காது, ஊரே மெழுகுவர்த்திக்கு அலையும் என்று கணக்குப் போட்டு, கைமாற்று வாங்கி நாற்பது பெட்டி மெழுகுவர்த்தி இறக்கினேன். பொன்விளையப் போகிறது என்ற நினைப்பு!

17-ஆம் தேதி பாக்தாத்தில் குண்டு விழுவதை சி.என்.என். நேரடியாக உலகுக்குச் சொன்னது. தூதர்கள் அறிக்கை எழுதும் முன்பே தலைவர்களுக்கும் எண்ணெய்ச் சந்தைக்கும் சேதி போய்விட்டது. முதல் தாக்குதல் வெற்றி என்ற சேதியும், அமெரிக்கா தன் கையிருப்பு எண்ணெயை வெளியே விடுகிறது என்ற அறிவிப்பும் சேர்ந்துகொண்டன. கச்சா எண்ணெய் ஒரே நாளில் பீப்பாய்க்குச் சுமார் 10 டாலர் சரிந்தது. பின்னர் குவைத்தில் 600-க்கும் மேற்பட்ட கிணறுகளை ஈராக் படை கொளுத்தியபோதும் பழைய உச்சம் திரும்பவில்லை.

நம் சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வைக்க இருக்கிறேன். போர்ச் செய்தி வந்த அன்றே, பழைய விலைக்கு வாங்கிய சரக்கின் விலையை யாரும் ஏற்ற வேண்டாம். புதுக் கொள்முதல் பில் வரட்டும். ஒரு கடைக்காரன் அவசரப்பட்டால் மறுநாள் பத்திரிகையில் வருவது "பதுக்கல் வியாபாரிகள்" என்ற பொதுப்பெயர். பத்திரிகை தன் பிழையைத் திருத்த ஆண்டுக்கணக்காகும் என்பதை மேலே பார்த்தோம்.

மெழுகுவர்த்தியில் பன்னிரண்டு பெட்டிதான் விற்றது. மீதி சித்திரை வெயிலில் கிட்டங்கியிலேயே வளைந்து ஒட்டிக்கொண்டது. கைமாற்று அடைய ஆடி மாதம் ஆயிற்று.