ஒரு கல்லை மட்டும் கேட்டுவிட்டுச் சுவரைப் பற்றிப் பேசுகிறோம்

தரம் 11 பிள்ளைகள் விடைபெற்றுப் போன நாள். சட்டையில் கையெழுத்து வாங்கும் கூத்தெல்லாம் முடிந்த பிறகு, பின்வாங்கில் ஒருவனின் போனில் ஒரு ஆங்கிலப் பாட்டு. சிறுவர்கள் கூட்டமாகப் பாடும் இடம் வந்ததும் முழு வகுப்பும் மேசையில் தட்டியது. பாட்டின் பொருள் விளங்கிய ஆசிரியர் ஒருவர் போனைப் பறித்துக்கொண்டு ஓய்வறைக்கு வந்தார். "எங்கட முகத்துக்கு முன்னாலயே எங்களுக்கு ஏசுற பாட்டப் போடுறானுகள்" என்றார். ஆங்கிலம் படிப்பிக்கும் டீச்சர், அந்தப் பாட்டின் முதல் வரியிலேயே இரட்டை எதிர்மறை என்ற இலக்கணப் பிழை இருப்பதாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

சிரித்து முடிந்ததும் நமக்குள் ஒரு உறுத்தல். அங்கிருந்த பத்துப் பேரில் யாரும் அந்த அல்பத்தை முழுமையாகக் கேட்டதில்லை. நாம் மட்டும் கலாசாலைக் காலத்தில் நண்பனின் கசெட்டில் கேட்டிருந்தோம். (இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். கொமென்டில் அதைத் தொடங்க வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம்.)

பிங்க் புளொய்ட் என்ற ஆங்கிலேய ரொக் குழு 1979 நவம்பர் 30இல் வெளியிட்ட 'த வோல்', அதாவது 'சுவர்', என்ற இரட்டை அல்பத்தில் உள்ள பாட்டு அது. மொத்தம் 26 பாட்டுக்கள். எல்லாம் சேர்ந்து ஒரே கதை. பிங்க் என்ற ஒரு பாடகன், வாழ்க்கையில் பட்ட ஒவ்வொரு காயத்தையும் ஒரு செங்கல்லாக அடுக்கி, தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளே அடைபட்டுப் போகிறான். நம் பிள்ளைகள் மேசையில் தட்டியது அந்தச் சுவரின் ஒரு கல்லுக்குத்தான்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. அதே மெட்டு அல்பத்தில் மூன்று தடவை வருகிறது. பிரபலமானது இரண்டாவது. முதலாவதில் தகப்பன் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரவில்லை. அங்கே மேளம் இல்லை, எதிரொலிக்கும் கிட்டாரும் தாழ்ந்த குரலும்தான். இரண்டாவது பாடசாலை, நடனத் தாளத்தோடு, கோபத்தோடு. மூன்றாவது, மனைவியும் பிரிந்த பின், எவரும் தேவையில்லை என்று கத்தும் இடம். இசையும் அடித்து நொறுக்குகிறது. ஒரே மெட்டு வளர்ந்து வளர்ந்து சிறுவனின் ஏக்கம் பெரியவனின் வெறியாக மாறுவதைக் காதாலேயே கேட்கலாம். நடுவிலுள்ளதை மட்டும் தனியே எடுத்துக் கேட்டால் அது வாத்திமாருக்கு ஏசும் பாட்டாகத்தான் தெரியும்.

இந்த இடத்துக்கு வந்து சேர அந்தக் குழுவுக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. 1967இல் முதல் அல்பம். அதன் பெரும்பகுதியை எழுதிய சிட் பரட் அடுத்த வருடமே மனநிலை குலைந்து குழுவை விட்டுப் போனார். மற்றவர்களுக்கு அப்போது என்ன செய்வதென்றே தெரியவில்லை. பாட்டு எழுத வராததால் ஒலியை நீட்டினார்கள். 1971இல் வந்த 'மெடில்' அல்பத்தின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, 23 நிமிடம். சொற்கள் குறைவு, நால்வரும் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிப்பதுதான் அதன் அழகு. 1973இல் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்'. அதை ஒலிப்பதிவு கூடத்தில் பதிய முன்பே, 1972 ஜனவரியிலிருந்து மேடை மேடையாக முழுமையாக வாசித்துப் பார்த்தார்கள். சனத்துக்கு முன்னால் பிழை விட்டு, திருத்தி, மறுபடி வாசித்து வளர்த்த படைப்பு அது. நேரம், பணம், மரணம், மனப்பிறழ்வு என்று நாளாந்த வாழ்க்கையைப் பேசியது. நம் பிள்ளைகள் முதல் தவணைப் பரீட்சையில் குறைந்த புள்ளி எடுத்தவுடன் நாம் போடும் சத்தத்தை நினைத்துக்கொள்கிறோம்.

1975, 1977 என்று அடுத்த இரண்டு அல்பங்களில் ரொஜர் வோட்டர்ஸின் எழுத்து மேலோங்கியது. 1977 ஜூலையில் மொன்ட்ரியல் விளையாட்டரங்கில் நடந்த கச்சேரியில், முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்த ரசிகர் ஒருவர் மீது வோட்டர்ஸ் துப்பிவிட்டார். பிறகு தன் செயலைக் கண்டு தானே அதிர்ந்து போனார். எனக்கும் சனத்துக்கும் இடையில் ஒரு சுவர் இருக்கிறதே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. 1980, 81இல் இந்த அல்பத்தை மேடையேற்றியபோது உண்மையாகவே அட்டைப் பெட்டிகளால் மேடைக்குக் குறுக்கே பெரிய சுவர் கட்டினார்கள். பாதி நிகழ்ச்சியில் குழு முழுவதும் மறைந்துவிடும். கடைசியில் சுவர் இடிந்து விழும்.

நமது அபிப்பிராயம் இது: கதையாக 'சுவர்' அவர்களின் உச்சம். நால்வரின் இசையாகப் பார்த்தால் ஒரு இறக்கம். கீபோர்ட் வாசித்த ரிச்சர்ட் ரைட் இந்த அல்பம் உருவாகும்போதே குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார். மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். அவர் கையின் மென்மை இங்கே குறைவாகத்தான் கேட்கிறது. டேவிட் கில்மோர் இசையும் வோட்டர்ஸ் சொற்களும் சேர்ந்த 'கம்ஃபர்ட்டப்ளி நம்' மட்டும் விதிவிலக்கு. அதன் கடைசிக் கிட்டார் பகுதிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. தனிமையைப் பற்றிய படைப்பைச் செய்துகொண்டே அவர்கள் தமக்குள் சுவர் எழுப்பிக்கொண்டார்கள்.

இனி ஆசிரியர்களாகிய நமது பக்கம். வோட்டர்ஸின் தகப்பனும் தாயும் ஆசிரியர்கள். தகப்பன் 1944 பெப்ரவரியில் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் கொல்லப்பட்டார். அப்போது மகனுக்கு ஐந்து மாதம். அந்த மனிதர் கல்வியையே வெறுத்து எழுதினார் என்று எப்படிச் சொல்வது? கதையில் வரும் ஆசிரியரைக் கவனியுங்கள். பிள்ளைகளைப் பரிகசித்து, அடித்து நடத்தும் அவர், வீட்டில் மனைவியிடம் அடி வாங்குபவராகக் காட்டப்படுகிறார். வீட்டில் பட்டதை வகுப்பில் இறக்குகிறார். அவருக்கும் ஒரு சுவர். இப்படியானவரை நாம் ஓய்வறையில் பார்த்ததே இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? சில காலைகளில் கண்ணாடியிலும் பார்த்திருக்கிறோம்.

1980இல் தென்னாபிரிக்காவில், நிறவெறிக் கல்விமுறைக்கு எதிராக வகுப்புகளைப் பகிஷ்கரித்த மாணவர்கள் இந்தப் பாட்டைத் தமதாக்கினார்கள். அரசாங்கம் அதைத் தடை செய்தது. அவர்கள் கேட்டது கல்வி வேண்டாம் என்றல்ல, சமமான கல்வி வேண்டும் என்று.

அந்தச் சிறுவர் குரல்கள் வந்த கதை இன்னும் சுவையானது. பாட்டு முதலில் மிகவும் சிறியது. தயாரிப்பாளர் பொப் எஸ்ரின் அதை நீட்டி, இரண்டாம் பகுதியைப் பிள்ளைகள் பாடட்டும் என்றார். குழு அப்போது வெளிநாட்டில். லண்டனிலுள்ள அவர்களது ஒலிப்பதிவு கூடத்துக்குப் பக்கத்தில் இஸ்லிங்டன் கிரீன் பாடசாலை. அதன் இசை ஆசிரியர் அலன் ரென்ஷோ 23 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். குரல்களைப் பல தடவை மேலுக்கு மேல் பதிந்து பெருங்கூட்டமாக்கினார்கள். அதிபருக்குப் பிறகுதான் தெரிய வந்தது. பாட்டின் சொற்களைக் கேட்டு அவர் கலங்கிப்போனார். பாடசாலைக்கு 1,000 பவுண் கிடைத்தது. உலகமெல்லாம் விற்ற பாட்டில் பிள்ளைகளுக்கு உரிமப் பங்கு கிடைக்கவில்லை. வளர்ந்த பிறகு, 2004இல் அவர்களில் சிலர் அதைக் கேட்டார்கள். ஆக, ஆசிரியர்களுக்கு எதிரானதென்று நாம் கோபப்படும் பாட்டு, ஒரு ஆசிரியர் தன் வகுப்பைத் தெரு தாண்டிக் கூட்டிப் போனதால் உண்டானது. பிள்ளைகளின் பங்கைப் பற்றி யாரும் யோசிக்காதது வேறு கதை. அது நமக்கும் பழக்கமான கதைதான்.

அன்று பின்னேரம் போனை நாமே அவனிடம் திருப்பிக் கொடுத்தோம். ஏசவில்லை. "இதே மெட்டில இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு, முதலாவதில இருந்து கேளு" என்று மட்டும் சொன்னோம். அவனுடைய வாப்பா நாலு வருடமாகக் கட்டாரில்.

இரவு பத்தரைக்கு வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "சேர், முதலாவது பாட்டத்தான் ரெண்டு மூணு தரம் கேட்டன்."